ஒரு வருடம் நின்றுவிட்டுக் கல்லூரிக்குத் திரும்புகிறேன்: கொஞ்சம் கொஞ்சமாகப் போக வழி இருக்கிறதா?

நீலலிட்மஸ்:

வணக்கம். வயது 20, பி.எஸ்சி. வேதியியல், திருச்சியில் ஒரு தன்னாட்சிக் கல்லூரி. மூன்று செமஸ்டர் ஒழுங்காக முடித்தேன், எல்லாவற்றிலும் முதல் வகுப்பு. நான்காவது செமஸ்டரில் பொங்கல் லீவு முடிந்து போனவள் இரண்டு வாரம்கூடத் தாங்கவில்லை. பிப்ரவரியில் பிரேக் ஆஃப் ஸ்டடி எழுதிக் கொடுத்துவிட்டு அரியலூர் பக்கம் எங்கள் ஊருக்கே வந்துவிட்டேன். எனக்கு ஆட்டிசம் என்று ஏப்ரலில்தான் தெரிந்தது. டாக்டர் சொன்னதும் அம்மா அழுதாள், எனக்கு உள்ளுக்குள் அப்பாடா என்று இருந்தது, அது வேறு கதை.

என்ன நடந்தது என்று சொன்னால்தான் உங்களுக்குப் பதில் சொல்ல வசதியாக இருக்கும். பாடம் பிரச்சினையே இல்லை. லேபில் டைட்ரேஷன் என்றால் எனக்கு உயிர், பினாப்தலீன் இளஞ்சிவப்பாக மாறுகிற அந்த ஒரு சொட்டை நான் தவறவிட்டதே கிடையாது, பக்கத்து டேபிளில் இருப்பவர்கள் என்னிடம்தான் ரீடிங் கேட்பார்கள். பிரச்சினை எல்லாம் மீதி நேரத்தில். ஹாஸ்டல் மெஸ்ஸில் சாப்பிட்ட தட்டை எல்லோரும் ஒரு பெரிய அலுமினியத் தொட்டியில் போடுவார்கள். எவர்சில்வர் மேல் எவர்சில்வர் விழுகிற அந்தச் சத்தம் ஒவ்வொன்றும் என் பல்லுக்குள் விழுகிற மாதிரி இருக்கும். அதனால் ராத்திரி மெஸ்ஸுக்குப் போவதை நிறுத்தி பிஸ்கட்டில் ஓட்டினேன். அறையில் நான்கு பேர், பன்னிரண்டு மணி வரை லைட், யாராவது ஒருத்தி போனில். காலையில் எழுந்து எதுவும் நடக்காத மாதிரி எல்லோரோடும் சிரித்துப் பேசிக்கொண்டு வகுப்புக்குப் போக வேண்டும்.

ஒரு நாள் லேபில் மேடம் என் பெயரைச் சொல்லி ஏதோ கேட்டார்கள். சத்தம் காதில் விழுந்தது, வார்த்தையாக மாறவில்லை. வாயைத் திறந்தால் பேச்சு வரவில்லை. அதற்குப் பிறகு இரண்டு நாள் யாரோடும் பேச முடியவில்லை. வார்டன் அதைத் திமிர் என்று வீட்டுக்குப் போன் செய்து சொன்னார்.

இப்போது தூக்கமும் சாப்பாடும் சரியாகிவிட்டன. டிசம்பரில் நான்காவது செமஸ்டர் ஆரம்பிக்கும்போது ஜூனியர் பேட்சோடு சேர வேண்டும். எனக்கும் போக ஆசைதான். ஆனால் முதல் நாளிலிருந்தே வாரம் ஐந்து நாள், காலை முதல் மாலை வரை என்று இறங்கினால் பொங்கலுக்குள் மறுபடி அதே இடத்தில் வந்து நிற்பேன் என்பதும் தெரியும். முதல் ஒன்றிரண்டு மாதம் குறைவாகப் போய், பிறகு ஏற்றிக்கொள்ள முடியுமா என்று அப்பா ஆபீசில் கேட்டார். "பார்ட் டைம் எல்லாம் நம்மகிட்ட இல்லை சார், ரெகுலர்னா ரெகுலர்தான்" என்று அனுப்பிவிட்டார்கள். அப்பாவும் இப்போது "போனா முழுசாப் போ, இல்லேன்னா விட்டுடு" என்கிறார்.

இப்படித் திரும்பிப் போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? யாரிடம் சொல்வது, எவ்வளவு சொல்வது? யு.டி.ஐ.டி. கார்டு (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) இல்லாமல் எதுவும் கேட்க முடியாதா? மறுபடி ஹாஸ்டலா, ஸ்ரீரங்கத்தில் இருக்கிற அத்தை வீடா?


ஆறுவருட பி.ஈ.:

பெயரிலேயே விஷயம் இருக்கிறது. நான்கு வருடப் படிப்பை ஆறு வருடத்தில் முடித்தவன். எனக்கு ஆட்டிசம் என்று தெரிந்தது 24 வயதில், டிகிரி கையில் வந்த பிறகு. எல்லாவற்றையும் சுவரில் முட்டி முட்டித்தான் கற்றுக்கொண்டேன், நீங்கள் முட்ட வேண்டாம் என்றுதான் இவ்வளவு எழுதுகிறேன்.

ஆபீசில் சொன்னது பொய் இல்லை, பார்ட் டைம் என்று ஒரு பெட்டி அவர்கள் படிவத்தில் கிடையாது. ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாள். 75 சதவீதம் வருகை என்றால் 68 நாள். அதாவது 22 நாள் நீங்கள் போகாமல் இருக்கலாம், யாரிடமும் அனுமதி கேட்காமல், விதிக்கு உட்பட்டே. 90 நாள் என்பது 18 வாரம். வாரத்துக்கு ஒரு நாள் லீவு எடுத்தால் 18 நாள் போகும், காய்ச்சல் தலைவலிக்கு 4 நாள் மிச்சம். உங்கள் "கொஞ்சம் கொஞ்சமாக" என்பது இங்கேதான் ஒளிந்திருக்கிறது. வாரம் நான்கு நாள் கல்லூரி.

எல்லோரும் இந்த 22 நாளைக் கல்யாணத்துக்கும் சினிமாவுக்கும் செலவு செய்வார்கள். நான் என்ன செய்தேன் என்றால், முடிகிறவரை ஒரு நாள் விடாமல் போவேன், நல்ல பிள்ளை. பிறகு ஒரு நாள் எழுந்திருக்க முடியாது. அப்படியே பத்து நாள், பதினைந்து நாள் படுக்கை. வருகைப் பதிவேட்டில் அதுவும் பதினைந்து நாள்தான், ஆனால் எழுந்து வருவதற்குள் பாடம் எங்கேயோ போயிருக்கும். அதே பதினைந்து நாளை வாரத்துக்கு ஒன்றாகப் பிரித்து, உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்திருந்தால் விழுந்தே இருக்க மாட்டேன். நன்றாக இருக்கிற நாளில் லீவு போடுவது குற்றம் செய்கிற மாதிரி இருக்கும். பழகிவிடும்.

ஹாஸ்டல் வேண்டவே வேண்டாம். தட்டுச் சத்தத்தைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்ததும் எனக்கே தோள் இறுகிவிட்டது. அத்தை வீட்டில் ஒரு கதவு இருக்கிறதா, அதைச் சாத்தினால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒத்திகை. திரும்பிச் சேருவதற்கு முன்பு இரண்டு வாரம் நான் தினமும் பஸ்ஸில் கல்லூரி வாசல் வரை போய், ஒரு டீ குடித்துவிட்டு, திரும்பி வந்தேன். வாட்ச்மேன் என்னை உளவாளி என்று நினைத்திருப்பார். முதல் நாள் வந்தபோது பஸ், அந்தப் பஸ்ஸில் அலறுகிற பாட்டு, எந்த ஸ்டாப்பில் கூட்டம் ஏறும் என்பதெல்லாம் மனப்பாடம். புதிதாகத் தாங்க வேண்டியது வகுப்பு மட்டும்தான்.

கடைசியாக ஒன்று, இதைச் சொன்னால் திட்டுவீர்கள். நம் ஊரில் பார்ட் டைமுக்கு இன்னொரு பெயர் அரியர். வகுப்புக்குப் போய் வருகையையும் இன்டர்னலையும் வாங்கிவிட்டு, ஐந்து பேப்பரில் மூன்றை நன்றாக எழுதி இரண்டை அடுத்த முறைக்குத் தள்ளினேன், வேண்டுமென்றே. வீட்டில் கேட்டவர்களுக்கு "பெயிலாயிட்டேன்" என்று சொல்லிவிட்டேன். விளக்கம் சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.


ரெக்கார்டு நோட்டு:

நான் ஆசிரியை, 17 வருடமாகத் தன்னாட்சிக் கல்லூரியில்தான் இருக்கிறேன், வேறு ஊர். மேலே தம்பி சொன்ன 22 நாள் கணக்கு சரிதான், ஆனால் அதை அப்படியே எடுத்துக்கொண்டு போனால் ஒரு இடத்தில் மாட்டிக்கொள்வாய்ம்மா. முதலில் உன் கல்லூரியில் டைம்டேபிள் டே ஆர்டரா (கிழமைக்குப் பதில் முதல் நாள், இரண்டாம் நாள் என்று சுற்றி வருவது), கிழமையா என்று பார். ஒன்றிலிருந்து ஆறு வரை டே ஆர்டர் என்றால் நீ ஒவ்வொரு புதனும் லீவு போட்டாலும் ஒரு வாரம் இரண்டாம் நாள் போகும், அடுத்த வாரம் முதல் நாள் போகும், இழப்பு எல்லாப் பாடத்திலும் பரவிவிடும். கிழமைப்படி டைம்டேபிள் என்றால் புதன்கிழமைப் பாடம் ஒன்றே மொத்தமாக அடிபடும், அன்றைக்கு லேப் இருந்தால் தொலைந்தது, சில இடங்களில் பாடவாரியாகவும் 75 பார்ப்பார்கள். அதே மாதிரி, மதியம் ஒரு மணி நேரம் வராவிட்டாலே அரை நாள் ஆப்சென்ட் போடுகிற கல்லூரி நிறைய உண்டு. "தலை வலித்தால் கடைசிப் பீரியடுக்கு முன்னால் கிளம்பிவிடலாம்" என்று நினைத்தால் பாதி பாதியாக உன் 22 நாளும் கரைந்துவிடும். 75க்குக் கீழே போனாலும் மருத்துவச் சான்றோடு கண்டோனேஷன் (வருகைக் குறைவை மன்னிக்கக் கட்டும் பணம்) கட்டி எழுதவிடுவார்கள், பல இடங்களில் 65 வரை, ஆனால் அதை ஆரம்பத்திலேயே நம்பிக் கணக்குப் போடாதே.

ஆபீஸ் கவுண்டரில் இதைக் கேட்டிருக்கவே கூடாது. அவர்களிடம் கட்டணம், போனஃபைடு, டி.சி. பற்றிக் கேட்டால் பதில் வரும். நீ பார்க்க வேண்டியது துறைத் தலைவரை, அதாவது ஹெச்.ஓ.டி.யை, நேரில், பிறகு அவர் வழியாக முதல்வருக்கு ஒரு பக்கக் கடிதம். அதில் உன் நோயின் வரலாறு வேண்டாம், "ஆதரவு தர வேண்டும்" என்றும் எழுதாதே. அந்த மாதிரிக் கடிதத்தைப் படித்துவிட்டு நாங்கள் பாவம் என்று சொல்லுவோம், மடித்து பைலில் வைப்போம். "சைக்கிள் டெஸ்டை அறுபது பேர் இருக்கிற ஹாலுக்குப் பதிலாக டிபார்ட்மென்ட் லைப்ரரியில் எழுத அனுமதி", "லேபில் எனக்கு நிரந்தரமாக ஒரே டேபிள்", "வாய்மொழியாகச் சொல்லும் மாற்றங்களை வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரியும் போடுவது", "வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேள்வியைத் தாளில் காட்டிக் கேட்பது". இப்படி எழுதினால் ஆமாம் அல்லது முடியாது என்று பதில் சொல்லியே ஆக வேண்டும், பெரும்பாலும் ஆமாம்தான் வரும், ஏனென்றால் இதில் எதற்கும் காசு செலவில்லை. டாக்டர் சான்றை இணைத்துவிடு.

சட்டம் உன் பக்கம்தான் இருக்கிறது, ஆனால் முதல் சந்திப்பிலேயே அதை எடுத்து வீசாதே. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று, 1995 பழைய சட்டத்தில் அது இல்லை, அந்தக் காலத்து நினைப்பிலேயே இருக்கிற மூத்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தேவைக்கேற்ற நியாயமான ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும் என்று 16ஆம் பிரிவு சொல்கிறது, பாடத்திட்டத்திலும் தேர்வு முறையிலும் மாற்றம், கூடுதல் நேரம் என்று 17ஆம் பிரிவு சொல்கிறது. மாற்றுத்திறன் 40 சதவீதம் என்று சான்றிதழ் இருந்தால்தான் இந்த ஏற்பாடுகளைக் கேட்க முடியும் என்பதும் தப்பு. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது, அவருக்கு இருந்தது எழுதும்போது கை இழுத்துக்கொள்கிற பிரச்சினை, அவருக்காகத் தேர்வை எழுதித் தரும் எழுத்தரைத் தர யு.பி.எஸ்.சி. மறுத்தது, அவர் ஜெயித்தார். ஆனால் நடைமுறையில் செமஸ்டர் தேர்வுக்குக் கூடுதல் நேரம் என்று போனால் தேர்வு நெறியாளர் கேட்கிற முதல் காகிதம் அந்தச் சான்றிதழ்தான். 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் எழுத்தர் வைக்காவிட்டாலும் 3 மணி நேரத் தேர்வுக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் கூடுதலாகத் தரலாம் என்று 2018 மத்திய அரசு வழிகாட்டுதலில் இருந்தது. அதனால் கார்டுக்கு இப்போதே அப்ளை செய்.

அரியர் யோசனைக்கு நான் திட்டவில்லை, ஆனால் விலையைத் தெரிந்துகொண்டு வாங்கு. முதல் முயற்சியில் பாஸ் என்றால்தான் ரேங்க், டிஸ்டிங்ஷன் எல்லாம். வேலைக்கு ஆள் எடுக்க வருகிறவர்கள் நிலுவை அரியர் இருந்தால் உட்காரவே விட மாட்டார்கள். அப்புறம் மொத்தக் காலக்கெடு. மூன்று வருடப் படிப்பை ஐந்து வருடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது யு.ஜி.சி.யின் பொதுவான கணக்கு, உன் ஒரு வருட இடைவெளி அதில் சேருமா சேராதா என்று எழுத்தில் கேட்டு வாங்கு. ஜூனியர் பேட்சுக்கு சிலபஸ் மாறியிருந்தால் முன்பு படிக்காத பேப்பர் ஒன்றிரண்டு கூடுதலாகத் தலையில் விழும், அதையும் இப்போதே கேள், டிசம்பரில் தெரிந்தால் எல்லாத் திட்டமும் கவிழும்.

சில வருடங்களுக்கு முன்பு என் வகுப்பில் ஒரு பையன் பெல் அடித்து எல்லோரும் உட்கார்ந்த பிறகுதான் உள்ளே வருவான். தினமும் இரண்டு நிமிடம் லேட். நான் தினமும் திட்டினேன், வெளியே நிற்க வைத்தேன். கடைசி செமஸ்டரில்தான் சொன்னான், பெஞ்சுகள் இழுபடுகிற சத்தம் அடங்கட்டும் என்று காத்திருந்தானாம். முன்பே சொல்லியிருந்தால் நான் என்ன, வேண்டாம் என்றா சொல்லியிருப்பேன்.


கொள்ளிடக்கரை:

எல்லோரும் இவ்வளவு சொல்கிறீர்கள், நான் மாற்றிச் சொல்கிறேன். எதற்கு இந்தப் போராட்டம்? இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேருங்கள் சகோதரி. மூன்று வருடப் படிப்பை முடிக்க ஆறு வருடம் வரை தருகிறார்கள், இந்த முறை எத்தனை பேப்பர் எழுதலாம் என்பதை நீங்களே முடிவு செய்யலாம், பெஞ்சு இழுக்கிற சத்தமும் கிடையாது. நான் பி.காம். அப்படித்தான் முடித்தேன். அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஒரு தடவை உடைந்த இடத்துக்கே ஏன் போக வேண்டும்?


ஆறுவருட பி.ஈ.:

பி.காமுக்குச் சரி. இவர் கெமிஸ்ட்ரி. அங்கே லேபைச் சில நாட்கள் சேர்ந்தாற்போல், காலையிலிருந்து சாயங்காலம் வரை, முன்பின் தெரியாத கல்லூரியில், தெரியாத ஆட்களோடு வைத்து முடிப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாக என்பதற்கு நேர் எதிர் அது. தவிர, அவர் உடைந்தது மெஸ்ஸிலும் ஹாஸ்டல் அறையிலும், லேபில் இல்லை. லேப்தான் அவரைப் பிடித்து வைத்திருந்தது.


மகனுக்கு19:

கண்ணு, என் மகனுக்கும் இதுதான், பி.சி.ஏ. இரண்டாம் வருடம் போகிறான். கார்டு விஷயம் மட்டும் சொல்கிறேன், மற்றதெல்லாம் டீச்சரம்மா சொல்லிவிட்டார்கள்.

ஆன்லைனில் ஸ்வாவலம்பன் தளத்தில் பதிந்துவிட்டு, அரசு மருத்துவமனையில் சான்றிதழ் தருகிற டாக்டர்கள் போர்டு கூடுகிற நாளை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டுக்கொள், உங்களுக்கு அரியலூர் கலெக்டர் ஆபீஸ் பக்கம் விசாரித்தால் தெரியும். ஆட்டிசத்துக்கு ஐ.எஸ்.ஏ.ஏ. என்று 40 கேள்வி உள்ள ஒரு அளவுகோல் வைத்துப் பார்ப்பார்கள், ஐ.க்யூ. டெஸ்டும் இருக்கும். அந்தக் கேள்விகள் பெரும்பாலும் சின்னக் குழந்தைகளை மனதில் வைத்து எழுதினவை. நீ நன்றாகப் பேசுகிறாய், மார்க் வாங்கியிருக்கிறாய், பெண் பிள்ளை வேறு, "நல்லாத்தானே இருக்கா" என்று அனுப்பிவிடப் பார்ப்பார்கள். அங்கே போய் நல்ல பிள்ளை வேஷம் போடாதே. எந்த வயதில் என்ன நடந்தது என்று அம்மாவை ஒரு தாளில் எழுதச் சொல், ஸ்கூல் ஆண்டு விழாவில் காதைப் பொத்திக்கொண்டு ஓடினது, ஒரே கவுனைத்தான் போடுவேன் என்று அடம் பிடித்தது, அந்த மாதிரி. மெஸ் கதையையும் அந்த இரண்டு நாள் பேச்சு வராததையும் தேதியோடு எழுது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. சாப்பாடும் தண்ணீரும் காதுக்கு ஏதாவதும் எடுத்துக்கொள், அந்த வராந்தாவில் அரை நாள் உட்கார்ந்திருக்க வேண்டிவரும், அதுவே ஒரு பரீட்சை.

40க்குக் கீழே வந்தாலும் கார்டு உண்டு. 2024 விதிகளில் நிறம் பிரித்திருக்கிறார்கள், 40க்குக் கீழே வெள்ளை, 40இலிருந்து 80க்குள் மஞ்சள், 80உம் அதற்கு மேலும் நீலம்.

இன்னொன்று, நம் அரசுப் படிவங்களில் இதற்குப் பெயர் "புற உலகச் சிந்தனையற்றோர்". அதைப் பார்த்து மனசு கஷ்டப்படாதே. என் மகன் அதைப் படித்துவிட்டு, "புற உலகத்தை நான் நினைக்காம இல்லம்மா, அதுதான் என்னை விடவே மாட்டேங்குது" என்றான்.


நீலலிட்மஸ்:

எல்லோருக்கும் நன்றி. பதில் போட மூன்று வாரம் ஆகிவிட்டது, மன்னிக்கவும், நிறைய நடந்தது.

மகனுக்கு19 அம்மா, உங்கள் பையன் சொன்னதை என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். போர்டுக்கு அடுத்த மாதம் தேதி கிடைத்திருக்கிறது. அம்மா எழுத ஆரம்பித்து நான்கு பக்கம் தாண்டிவிட்டது. எழுதி முடித்துவிட்டு அவளே "இவ்வளவு நாள் இது எனக்குத் தெரியலையே" என்று உட்கார்ந்துவிட்டாள்.

போன சனிக்கிழமை அத்தையோடு கல்லூரிக்குப் போனேன், வகுப்பு இல்லாத நாள். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ், காலை ஏழேகாலுக்கு ஏறினால் உட்கார இடம் கிடைக்கிறது, எட்டு மணி பஸ்ஸில் நிற்கக்கூட முடியாது. முன்கூட்டியே போய் எங்கே உட்காருவது என்று தேடினோம். லைப்ரரி மாடியில் பழைய ஜர்னல்கள் இருக்கிற அறையில் பேன் ரிப்பேர், அதனால் யாரும் வருவதில்லை. வேர்க்கும், ஆனால் சத்தமே இல்லை. எனக்கு அது போதும்.

ஹெச்.ஓ.டி. மேடத்தை நேற்று பார்த்தேன். பேச்சு வராமல் போனால் என்ன செய்வது என்று பயந்து எல்லாவற்றையும் தாளில் எழுதி நேராகக் கையில் கொடுத்துவிட்டேன். ஐந்து நிமிடம் படித்தார்கள். லேபில் ஜன்னல் ஓரக் கடைசி டேபிள் சரி, வாட்ஸ்அப்பில் எழுதிப் போடுவது சரி, டெஸ்டை லைப்ரரியில் எழுதுவது சரி. வைவாவுக்கு "பார்க்கலாம்" என்றார்கள். செமஸ்டர் தேர்வுக்குச் சான்றிதழ் வந்ததும் தேர்வு நெறியாளரிடம் அவர்களே பேசுவதாகச் சொன்னார்கள். சிலபஸ் மாறவில்லை, இடைவெளி ஒரு வருடம் காலக்கெடுவில் சேரும் என்று எழுத்தில் வாங்கிவிட்டேன். ஆகவே எனக்கு இன்னும் இரண்டரை வருடம் இருக்கிறது, அரியர் வைத்தால் ஒன்றிரண்டுக்கு மேல் தாங்காது. வகுப்பில் யாரிடமும் இப்போதைக்குச் சொல்லப்போவதில்லை. லேப் அசிஸ்டென்ட் அண்ணனிடம் மட்டும் சொன்னேன், அவர் "பேசலேன்னா பரவால்லம்மா, ப்யூரெட் உடையாம இருந்தா சரி" என்றார்.

அப்பா இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. 22 நாள் கணக்கைப் போட்டுக் காட்டினேன், அவர் பேங்க்கில் வேலை பார்த்தவர், கணக்கு என்றால் மட்டும் கேட்பார். பேனாவை வாங்கித் தானே ஒரு தடவை கூட்டிப் பார்த்துவிட்டு, "நாலு நாள் கையிருப்பு பத்தாது, ஆறு நாளாவது வெச்சுக்கோ" என்றார். அதனால் முதல் பன்னிரண்டு வாரம் வாராவாரம் லீவு, அதற்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, மொத்தம் 15, மீதி 7 கையில்.

எங்கள் கல்லூரியில் டே ஆர்டர்தான், அதனால் எந்தக் கிழமையும் எடுக்கலாம். புதன் என்றுதான் முதலில் நினைத்தேன், வாரத்தின் நடுவில் வரும் என்று. ஆனால் அத்தை புதன்கிழமைதான் இட்லி மாவு அரைக்கிறாள், கிரைண்டர் இரண்டு மணி நேரம் ஓடுகிறது. வியாழனுக்கு மாற்றிவிட்டேன்.